ஏரியை இழந்த உயிர்: ஆக்ஸலாட்டலின் ஐந்நூறு ஆண்டுகள்

ஹூலியோ கொர்த்தஸாரின் 'ஆக்ஸலாட்டல்' என்னும் சிறுகதை 1956இல் வெளிவந்த 'ஆட்டத்தின் முடிவு' தொகுப்பில் உள்ளது. பாரிஸ் நகரத்துத் தாவரவியல் பூங்காவில், மீன்காட்சியகத் தொட்டிக்குள் கிடக்கும் ஒரு சிறு நீர்வாழ் உயிரை நாள்தோறும் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதன், ஒருநாள் கண்ணாடிக்கு உட்புறமிருந்து தன் முகத்தையே பார்ப்பவனாகிவிடுகிறான். லத்தீன் அமெரிக்க இலக்கியத்தில் ஈடுபாடுடைய வாசகர்கள் நன்கறிந்த கதை. அவர்களுள் சிலரேனும் அவ்வுயிரைக் கொர்த்தஸாரின் கற்பனை என்று எண்ணியிருக்கக்கூடும். அது கற்பனை அன்று. ஆக்ஸலாட்டல் என்றோர் உயிர் உண்டு; அது மெக்ஸிகோவிலிருந்து பாரிஸுக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறும் உண்டு. ஒரு பேரரசின் வீழ்ச்சி, ஐந்து ஏரிகளின் அழிவு, ஓர் அந்நியப் படையெடுப்பு, ஐரோப்பிய உயிரியலாரை அரை நூற்றாண்டுக் காலம் திகைக்க வைத்த ஒரு புதிர் ஆகிய யாவும் அவ்வரலாற்றுள் அடங்கியுள்ளன.

இன்று ஆக்ஸலாட்டல் உலகெங்கும் இருக்கிறது. ஆய்வகங்களில் வளர்கிறது, வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் செல்லப்பிராணியாக நீந்துகிறது, 2021இல் மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் இடம்பெற்ற பின்னர் சிறுவர்களுக்கெல்லாம் அறிமுகமாகிவிட்டது. ஆனால் அது இயற்கையில் வாழும் ஒரே இடமான மெக்ஸிகோ நகரத்தின் சொச்சிமில்கோக் கால்வாய்களில் தேடினால் கிடைப்பது அரிது. பிழைத்தும் ஊரிழந்த ஓர் உயிரினத்தைக் காப்பாற்றப்பட்டது என்று சொல்லலாமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழையும் வினா. அதற்கு விடை காண, உயிரின் கதையோடு நீரின் கதையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

வளராமலே முதிரும் உயிர்

ஆக்ஸலாட்டல், சாலமாண்டர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. தவளைக்கும் தேரைக்கும் உறவான நீர்நில வாழ் உயிர்கள் சாலமாண்டர்கள். உருவத்தால் பல்லியை ஒத்திருப்பினும் உடலில் செதில் கிடையாது. தோல் ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். இந்தியாவில் கிழக்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் மட்டுமே இவ்வினம் காணப்படுவதால் நமக்குப் பழக்கமான தமிழ்ப்பெயர் இதற்கு அமையவில்லை. ஆகவே சாலமாண்டர் என்றே எழுதுவோம்.

பெரும்பாலான சாலமாண்டர்களின் வாழ்க்கை தவளையின் வாழ்க்கையைப் போன்றது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நீரில் செவுள்களால் மூச்சுவிட்டு வளரும். பின்னர்ச் செவுள்கள் மறைந்து, கண்ணிமை தோன்றி, தோல் தடித்து, நுரையீரலோடு நிலத்துக்கு ஏறும். ஆக்ஸலாட்டல் இவ்வழக்கத்தை மீறியது. அது தன் இளம்பருவ உருவத்தைக் கைவிடுவதே இல்லை. தலையின் இருபுறமும் மும்மூன்றாக இறகு போன்ற செவுள்கள் வெளியே நீண்டு நிற்க, இமையற்ற கண்களோடு, துடுப்பு போன்ற வாலோடு வாழ்நாள் முழுவதும் நீரிலேயே கிடக்கிறது. அந்நிலையிலேயே பருவமடைந்து இனப்பெருக்கமும் செய்கிறது. பெண் ஆக்ஸலாட்டல் நூற்றுக்கணக்கான முட்டைகளை நீர்த்தாவரங்களின் இலைகளில் ஒட்டிவைக்கும். உயிரியலார் இந்நிலையை நியோட்டெனி என்பர். நாம் 'இளமை நீட்சி' எனலாம்.

உருமாற்றத்தை ஏவுவது தைராய்டு சுரப்பி. ஆக்ஸலாட்டலிடம் அச்சுரப்பி இருக்கிறது. அதை முடுக்கிவிடும் ஆணை போதிய அளவில் வருவதில்லை. ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு அதன் வாழிடமே விளக்கம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்ஸிகோப் பள்ளத்தாக்கின் ஏரிகள் வற்றாதவை, குளிர்ந்தவை, இரை மிகுந்தவை. பெரிய கொன்றுண்ணி மீன்கள் அற்றவை. நீர் இவ்வளவு நல்லதாக இருக்கையில் நிலத்துக்கு ஏறுவதால் நன்மை எதுவும் இல்லை. சுருங்கச் சொன்னால், ஆக்ஸலாட்டல் தன் ஏரியை நம்பித் தன் உடலை அமைத்துக்கொண்ட உயிர். வறண்ட காலத்தில் கரையேறித் தப்பும் வழியை அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விட்டுவிட்டது. பிற்காலத்தில் நேர்ந்த துயரத்துக்கெல்லாம் இது ஒரு காரணம்.

அதன் இன்னொரு சிறப்பு, இழந்த உறுப்பை மீண்டும் வளர்த்துக்கொள்வது. பல்லிக்கு வால் முளைப்பதை நாம் அறிவோம். ஆக்ஸலாட்டலுக்குக் கால் முளைக்கும். எலும்பும் தசையும் நரம்பும் விரல்களும் முன்பிருந்தவாறே அமையும். தண்டுவடமும், இதயத்தின், மூளையின் சில பகுதிகளும் சிதைந்தால் சீராகும், தழும்புகூட எஞ்சாது. இத்திறனே அதை உலக ஆய்வகங்களின் விருப்பத்துக்குரிய உயிராக்கியது. 2018இல் அதன் மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, அது ஏறத்தாழ 3200 கோடி எழுத்துகள் கொண்டதாக இருந்தது. மனித மரபணுத்தொகுதியைப் போலப் பத்து மடங்கு அது.

சாக மறுத்த தெய்வம்

நவாட்ல் மொழியில் 'ஆட்ல்' என்றால் நீர். 'ஷோலோட்ல்' என்பது அஸ்தெக் மக்களின் தெய்வம் ஒன்றன் பெயர். நாய்த்தலை கொண்ட இத்தெய்வம் கெத்சால்கோவாட்ல் என்னும் பெருந்தெய்வத்தின் இரட்டை. இறந்தோருக்குப் பாதாளத்தில் வழித்துணை. இவ்விரு சொற்களும் சேர்ந்தமைந்த 'ஆஷோலோட்ல்' என்பதே ஐரோப்பிய மொழிகளில் புகுந்து இன்றைய பெயராயிற்று. இதை 'நீரின் நாய்' என்று பெயர்ப்பது வழக்கம். தமிழில் நீர்நாய் என்பது வேறொரு விலங்காதலால் அப்பெயர்ப்பு நமக்கு உதவாது.

ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தெ சஹாகுன் பதினாறாம் நூற்றாண்டில் அஸ்தெக் முதியோரிடம் கேட்டுத் தொகுத்த தொன்மங்களுள் ஒன்று இவ்வுயிரைப் பற்றியது. ஐந்தாம் சூரியன் தோன்றுகிறது. ஆனால் வானில் அசையாமல் நிற்கிறது. அது நகர வேண்டுமெனில் தெய்வங்கள் தம்மைப் பலியிட வேண்டும். எல்லாத் தெய்வங்களும் உடன்பட, ஷோலோட்ல் மட்டும் அழுது மறுத்து ஓடுகிறது. சோளக்கொல்லைக்குள் புகுந்து இரட்டைத் தண்டுடைய சோளப்பயிராக நிற்கிறது; கண்டுபிடித்துவிடுகிறார்கள். இரட்டைக் கற்றாழையாக மாறுகிறது, அங்கும் பிடிபடுகிறது. இறுதியில் நீருக்குள் குதித்து ஆக்ஸலாட்டல் ஆகிறது. அங்கே பிடித்துக் கொல்லப்படுகிறது. மரணத்துக்கு அஞ்சிய தெய்வம் கடைசியாக எடுத்த உருவம் இது. வெட்டினாலும் வளரும் உயிரின் மீது இக்கதை ஏற்றப்பட்டது தற்செயலாகத் தோன்றவில்லை. ஏரிக்கரை மக்கள் அதன் இயல்பைக் கூர்ந்து கண்டிருக்கவே வேண்டும்.

தெய்வத்தின் உருவம் என்பதால் அதை உண்ணாமல் விட்டதும் இல்லை. ஆக்ஸலாட்டல் தலைவர்களின் விருந்துக்குரிய சுவைமிக்க உணவு என்பதும் சஹாகுனின் தொகுப்பில் உள்ள செய்தியே. ஸ்பானிய அரசரின் மருத்துவரான பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸ் 1570களில் இந்நிலத்தின் செடிகொடிகளையும் விலங்குகளையும் பதிவுசெய்தபோது இதனையும் எழுதிவைத்தார். தெய்வமாகவும் உணவாகவும் மருந்தாகவும் ஓர் உயிர் ஒரே காலத்தில் இருக்க முடிந்த உலகம் அது.

நீரின் நகரம், நீருக்கு எதிரான நகரம்

மெக்ஸிகோப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்து ஏரிகள் இருந்தன. வடக்கே சும்பாங்கோ, ஷால்தோகான். நடுவே உவர்நீர் ஏரியான தெஸ்கோகோ. தெற்கே ஊற்றுகளால் நிறைந்த நன்னீர் ஏரிகளான சொச்சிமில்கோ, சால்கோ. 1325இல் அஸ்தெக்குகள் தங்கள் தலைநகரான தெனோச்தித்லானை ஏரி நடுவிலிருந்த தீவில் நிறுவினர். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் நெசவால்கோயோட்ல் என்னும் அரசர் உவர்நீரையும் நன்னீரையும் பிரிக்க நீண்டதோர் அணையைக் கட்டுவித்தார். நீரை விலக்காமல் நீரோடு வாழக் கற்ற நாகரிகம் அது.

அந்நாகரிகத்தின் உழவுமுறை சினாம்பா எனப்படுவது. ஆழம் குறைந்த நீரில் நீண்ட செவ்வக வடிவில் இடம் வகுத்து, வண்டலும் நீர்த்தாவரங்களும் அடுக்கடுக்காக இட்டு மேடாக்கி, கரையோரத்தில் நெட்டையான வில்லோ மரங்களை நட்டு வேர்களால் மண்ணைக் கட்டுவர். மேடுகளுக்கு இடையே கால்வாய்கள். கால்வாயின் அடிச்சேற்றை அள்ளி வயலுக்கு எருவாக இடுவதால் வயலும் செழிக்கும், கால்வாயும் தூர்ந்துபோகாது. மிதக்கும் தோட்டம் என்று பயணிகள் எழுதிவைத்தது தவறு. சினாம்பா மிதப்பதில்லை, ஏரியின் தரையில் ஊன்றி நிற்கிறது. ஆண்டுக்குப் பலமுறை அறுவடை தந்து அது தலைநகருக்குச் சோறிட்டது. சொச்சிமில்கோ என்ற பெயருக்கே மலர்வயல்களின் இடம் என்று பொருள்.

ஆக்ஸலாட்டலின் கதையில் சினாம்பாவுக்கு நடுநாயகமான இடம் உண்டு. மனிதன் வெட்டிய கால்வாய்களின் நிழலும் வேர்ச்செறிவும் சேற்றடியும் அதற்கு ஒளிவிடமும் முட்டையிடுமிடமும் ஆயின. மனிதக் கைபடாத காட்டில்தான் அரிய உயிர்கள் வாழும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். ஆக்ஸலாட்டல் பல நூற்றாண்டுகள் உழவரின் கைபட்ட நீரில்தான் வாழ்ந்துவந்தது.

1521இல் தெனோச்தித்லான் வீழ்ந்தது. அதன் இடிபாடுகளின் மேல் எழுந்த ஸ்பானிய நகரத்துக்கு ஏரி பகையாயிற்று. வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. 1607இல் என்ரிகோ மார்த்தினெஸ் என்பாரின் திட்டப்படி நீரைப் பள்ளத்தாக்குக்கு வெளியே கொண்டுசெல்லும் வடிகால் பணி தொடங்கியது. 1629இன் பெருவெள்ளத்தில் நகரம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீரில் கிடந்தது. அதன் பின்னர் ஏரிகளை வடித்துவிடுவது என்ற ஒற்றை நோக்கம் அரசுகள் மாறியும் மாறவில்லை. 1890களில் சால்கோ ஏரி வேளாண் நிலத்துக்காக வடிக்கப்பட்டது. 1900இல் அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் பெருவடிகால் கால்வாயைத் திறந்துவைத்தார். ஸ்பானியர் தொடங்கிய வேலையைக் குடியரசு முடித்துவைத்தது.

எஞ்சிய சொச்சிமில்கோவின் ஊற்றுகளும் தப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவ்வூற்று நீர் பெருங்குழாய் வழியே நகரத்தின் குடிநீருக்கென எடுத்துச் செல்லப்பட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஊற்றுகள் ஓய்ந்தன, கால்வாய்கள் வறண்டன. பின்னர் நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து அக்கால்வாய்களில் விட்டார்கள். நகரம் நல்ல நீரை எடுத்துக்கொண்டு தான் பயன்படுத்திய நீரைத் திருப்பித் தந்தது. அந்நீரில்தான் ஆக்ஸலாட்டல் இன்றும் மூச்சுவிட வேண்டியிருக்கிறது.

பாரிஸில் ஒரு புதிர்

ஏரி சுருங்கிக்கொண்டிருந்த அந்நூற்றாண்டிலேயே ஆக்ஸலாட்டலின் இன்னொரு வாழ்க்கை ஐரோப்பாவில் தொடங்கியது. 1798இல் ஆங்கிலேய இயற்கையியலார் ஜார்ஜ் ஷா அதற்கு முதன்முதலாக அறிவியல் பெயரிட்டார். மெக்ஸிகோவில் பயணம் செய்த அலெக்ஸாண்டர் வான் ஹம்போல்ட் சாராயத்தில் பதப்படுத்திய இரண்டு உடல்களைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து ஜார்ஜ் குவியேயிடம் அளித்தார். குவியே அவற்றை அறுத்துப் பார்த்து, இது ஏதோவொரு பெரிய சாலமாண்டரின் இளம்பருவம் என்று கருதினார். ஆனால் வளர்ந்த நிலையைக் கண்டவர் யாருமில்லை. கண்டோர் அனைவரும் செவுள் உதிர்வதே இல்லை என்றனர். ஆகவே மனமில்லாமலே அதை வாழ்நாள் முழுதும் செவுளுடைய உயிர்களின் வரிசையில் வைத்தார்.

புதிரை அவிழ்க்க உயிருள்ள ஆக்ஸலாட்டல்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்தது ஒரு போர். மூன்றாம் நெப்போலியனின் படைகள் 1862இல் மெக்ஸிகோவில் நுழைந்தன. 1864இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன் அங்கே பேரரசராக அமர்த்தப்பட்டார். அதே 1864இல் 34 ஆக்ஸலாட்டல்கள் உயிருடன் பாரிஸ் சேர்ந்தன. அவற்றுள் ஐந்து ஆணும் ஒரு பெண்ணுமாக ஆறு மட்டும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒகுஸ்த் துமெரிலிடம் வந்தன. 1865 ஜனவரியில் அவை முட்டையிட்டன. இளம்பருவம் முட்டையிடாது, எனவே இவை முதிர்ந்தவையே என்று முடிவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் துமெரில் கண்டது அம்முடிவைக் குலைத்தது. பெற்றோர் செவுள்களோடு அப்படியே இருக்க, அவற்றின் குஞ்சுகளுள் சில செவுளை இழந்து, நிறம் மாறி, நிலத்துச் சாலமாண்டர்களாகிவிட்டன. குழந்தை பெற்றோரைக் கடந்து முதிர்ந்த விந்தை அது.

துமெரில் தம் ஆக்ஸலாட்டல்களைக் கேட்டோர்க்கெல்லாம் வழங்கினார். ஐரோப்பிய ஆய்வகங்கள் எங்கும் அவை பரவின. ஃப்ரைபர்க்கில் அவுகுஸ்ட் வைஸ்மனின் வேண்டுகோளின்படி மாரி வான் ஷோவின் என்னும் பெண்மணி மிகுந்த பொறுமையோடு நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து ஆக்ஸலாட்டல்களைக் கரையேறச் செய்தார். பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடம் இல்லாத அக்காலத்தில் அவருடைய சோதனை வைஸ்மனின் 1875ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அடித்தளமாயிற்று. 1913இல் லாவ்பெர்கர் என்னும் செக் நாட்டு மருத்துவர் தைராய்டு சுரப்பியை இரையாக ஊட்டியதும் ஆக்ஸலாட்டல் உருமாறியது. 1920இல் ஜூலியன் ஹக்ஸ்லி அதையே செய்துகாட்டியபோது செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. சாகாத் தெய்வத்தின் இளமைக்குப் பின்னே இருந்தது ஒரு சுரப்பியின் அமைதி என்று தெளிவாயிற்று.

ஆய்வகத்து ஆக்ஸலாட்டல்கள் பெரும்பாலும் அந்தப் பாரிஸ் மரபில் வந்தவை. சில தலைமுறைகளல்ல, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அவை தொட்டியிலேயே பிறந்து தொட்டியிலேயே இறக்கின்றன. நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே கலந்து பெருகியமையால் மரபு வளம் குன்றியவை. அன்றியும், அமெரிக்காவின் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் ருஃபஸ் ஹம்ஃப்ரி 1962இல் வெளிறிய நிறத்துக்கான மரபணுவைப் புகுத்தும் பொருட்டு அவற்றைப் புலிச் சாலமாண்டர் என்னும் வேறோர் இனத்தோடு கலந்தார். 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி அந்த ஆய்வக மரபின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு புலிச் சாலமாண்டருடையது. படங்களில் நாம் காணும் வெளிர்சிவப்புச் செவுள்களும் வெண்ணிற உடலும் கொண்ட அழகு ஆக்ஸலாட்டல் தொட்டியின் ஆக்ஸலாட்டல். ஏரியில் வாழ்வது சேற்றோடு சேறாகத் தோன்றும் கரும்பழுப்பு நிறத்தது. முன்னதை அள்ளிக் கொண்டுபோய் ஏரியில் விட்டால் இனம் மீளும் என்பார்க்கு இதுவே மறுமொழி. உலகின் தொட்டிகளில் உள்ளவை அத்தனையும் ஏரியில் உள்ள சிலவற்றுக்கு ஈடாகமாட்டா.

எண்ணிக்கையின் இறக்கம்

சொச்சிமில்கோவில் நேர்ந்ததை எண்களால் சொல்லலாம். மெக்ஸிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் சம்ப்ரானோவும் பிறரும் வலைவீசி எடுத்த கணக்குகளின்படி, 1998இல் ஒரு சதுரக் கிலோமீட்டர் நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 6000 ஆக்ஸலாட்டல்கள் இருந்தன. சில ஆண்டுகளில் அது 1000 ஆயிற்று. 2008இல் 100. 2014இல் 36. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2006இலேயே இதை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

காரணங்கள் இரண்டு முதன்மையானவை. ஒன்று நீரின் கேடு, அதைப் பார்த்தோம். மற்றொன்று நல்லெண்ணத்தால் விளைந்தது. 1970களிலும் 80களிலும் ஏழை மக்களுக்குப் புரத உணவு கிடைக்கவேண்டும் என்று கெண்டை வகை மீன்களும், நம்மூரில் ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலாப்பியாவும் கால்வாய்களில் விடப்பட்டன. அவை பெருகி ஆக்ஸலாட்டலின் முட்டையையும் குஞ்சையும் தின்றன. இரையிலும் பங்குக்கு வந்தன. பெரிய மீன்களற்ற ஏரியை நம்பி வளர்ந்த உயிருக்கு மீனைக் கண்டு அஞ்சும் பழக்கம் வாய்க்கவில்லை.

இவற்றோடு மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. சினாம்பாவில் உழுவோர் குறைந்துகொண்டே வருகின்றனர். சேற்றை அள்ளி வயல் செய்து பெறும் வருவாயைவிட, அந்நிலத்தைக் கால்பந்து விளையாட வாடகைக்கு விடுவதும் சுற்றுலாப் படகுகளுக்கு வரும் கூட்டத்துக்கு உணவு விற்பதும் மிகுதியான வருவாய் தருகின்றன. உழவரின் மக்களுக்கு நகரத்தில் வேலை இருக்கிறது. யுனெஸ்கோ 1987இல் மெக்ஸிகோ நகரத்தின் பழம்பகுதியோடு சொச்சிமில்கோவையும் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. ஆனால் மரபுச் செல்வம் என்ற பட்டம் ஓர் உழவனின் கீரைக்கட்டுக்கு விலை கூட்டித் தருவதில்லை. உழவர் விலகிய கால்வாய் தூர்கிறது. தூர்ந்த கால்வாயில் ஆக்ஸலாட்டலுக்கு இடமில்லை.

அதே 1987இல் மானுடவியலாளர் ரோஜர் பார்த்ரா 'துயரத்தின் கூண்டு' என்னும் நூலில் ஆக்ஸலாட்டலை மெக்ஸிகோவின் தேசிய அடையாளம் பற்றிய விவாதத்துக்கு உருவகமாக எடுத்தாண்டார். நவீனத்துக்குள் நுழைய முடியாமல் முதிராத நிலையிலேயே நின்றுவிட்டவன் மெக்ஸிகன் என்று அறிவாளிகள் புனைந்த கட்டுக்கதையை அவர் அவ்வுருவகத்தால் கேலி செய்தார். இலக்கியத்தில் ஆக்ஸலாட்டலின் வாழ்வு செழித்த ஆண்டுகளும் ஏரியில் அதன் வாழ்வு தேய்ந்த ஆண்டுகளும் ஒன்றே. உருவகமாகிவிட்ட உயிரை உயிராகக் காண்பது கடினமாகிவிடுகிறது என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அடைக்கலங்கள்

சம்ப்ரானோவும் அவருடைய குழுவினரும் கண்ட வழி சினாம்பா அடைக்கலம் எனப்படுகிறது. உழவர் ஒருவரின் வயலைச் சூழ்ந்த சிறு கால்வாயின் வாயில்களில் வடிகட்டித் தடுப்புகள் அமைக்கிறார்கள். மீன்கள் உள்ளே வர இயலாது. நீரும் ஓரளவு தெளிகிறது. உழவர் பூச்சிக்கொல்லியையும் இரசாயன உரத்தையும் கைவிட்டுப் பழைய முறையில் சேற்றை எருவாக்கிப் பயிர்செய்கிறார். ஆக்ஸலாட்டலுக்கு நல்ல நீர் கிடைக்கிறது. உழவரின் விளைச்சலுக்கு நல்ல பெயரும் விலையும் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உயிரைக் காப்பதும் உழவைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாகின்றன.

இது பயன்படுமா என்பதற்கு ஒரு சான்று 2025இல் வெளியாயிற்று. காப்பகத்தில் பிறந்து வளர்ந்த 18 ஆக்ஸலாட்டல்களுக்குச் சிறு வானொலிக் கருவி பொருத்தி, சிலவற்றை சொச்சிமில்கோவின் அடைக்கலக் கால்வாயிலும் சிலவற்றை நகரத்திலுள்ள செயற்கைச் சதுப்புநிலம் ஒன்றிலும் விட்டனர். கண்காணித்த காலம் முழுவதும் அவை அனைத்தும் உயிரோடிருந்தன. மீண்டும் பிடிபட்டவை எடை கூடியிருந்தன. தொட்டியில் பிறந்தது இரைதேட அறியுமா என்ற ஐயத்துக்கு அது விடையாயிற்று. ஏரியின் இயல்பை அவை மறந்துவிடவில்லை. இருக்க வேண்டியது ஏரி மட்டுமே.

இன்னோர் அடைக்கலம் மேற்கே மிச்சோவாகான் மாநிலத்தின் பாத்ஸ்குவாரோ ஏரிக்கரையில் உள்ளது. அவ்வேரியில் மட்டும் வாழும் ஆக்ஸலாட்டலின் உறவினத்துக்கு ஆச்சோக்கே என்று பெயர். 1870இல் அதற்கு அறிவியல் பெயரிட்டபோது துமெரிலின் பெயரையே சூட்டினர். அங்குள்ள டொமினிக்கன் கன்னியர் மடத்தார் நெடுங்காலமாக ஆச்சோக்கேயைக் கொண்டு இருமல் மருந்துப் பாகு காய்ச்சி விற்று வாழ்ந்துவந்தனர். ஏரியில் ஆச்சோக்கே கிடைப்பது அரிதானதும், 1980களில், மடத்துக்குள்ளேயே தொட்டிகளில் அவற்றை வளர்க்கத் தொடங்கினர். இன்று உலகில் அவ்வினத்தின் மிகப்பெரிய காப்பு மரபுகளுள் ஒன்று அக்கன்னியரின் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகத்தாரும் அவர்களோடு இணைந்து பணியாற்றுகின்றனர். மருந்துக்காகக் கொன்றவர்களே காத்தவர்களும் ஆயினர். அவர்களுக்கு அவ்வுயிரோடு அன்றாட உறவு இருந்தது என்பதே காரணம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். ஓர் இனத்தின் உடல்களைப் பெருக்கிவிடுவது எளிது. துமெரிலின் ஒரே பெண் ஆக்ஸலாட்டலிலிருந்தே அது தொடங்கியது. ஆனால் அவ்வுடலை அப்படி ஆக்கியது ஒரு குறிப்பிட்ட நீர். அந்நீரை அப்படி வைத்திருந்தது ஒரு குறிப்பிட்ட உழவு. அச்சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் கழற்றியெடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, காப்பாற்றிவிட்டோம் என்று நிறைவு கொள்வதற்கில்லை.

2021இல் மெக்ஸிகோ வெளியிட்ட 50 பெசோ பணத்தாளில் ஆக்ஸலாட்டல் அச்சிடப்பட்டது. அழகாக இருக்கிறதென்று பலர் அத்தாளைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டனர். பன்னாட்டுப் பணத்தாள் சேகரிப்போர் கழகம் அதற்கு அவ்வாண்டின் சிறந்த பணத்தாள் என்ற விருதையும் அளித்தது. அத்தாளைக் கூர்ந்து நோக்குவோர், ஆக்ஸலாட்டலின் பின்னே சினாம்பா வயலும் கால்வாயும் நெட்டை வில்லோ மரங்களும் சோளமும் வரையப்பட்டிருப்பதைக் காண்பர். ஓவியர் சரியாகவே வரைந்திருக்கிறார். அவ்வயலில் நாளைக் காலை சேற்றை அள்ள ஓர் உழவர் வருவாரானால் ஆக்ஸலாட்டலுக்கு ஏரி இருக்கும்.